செக்கிங் நாளும் ஆட்ட நாளும்

(தூத்துக்குடியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு வராது. கபடி வரும். கார்னர்ல நிக்கிறவன் நான். பாடி வர்றவன் காலைப் பிடிக்கிறது என் வேலை. முகாமில் பிறந்தவன். பெயிண்ட் அடிக்கப் போன அப்பா சாரத்திலிருந்து விழுந்து படுத்துட்டாரு. அப்ப எனக்கு வயசு பதினாறு. பகல்ல சாரம், சாயங்காலம் கபடி. பரிசுப் பணத்தை ஏழு பேரும் பிரிச்சா, என் பங்கு மறுநாள் வீட்டுக்கு அரிசி.

ஒரு தடவை வெளியூர்ல இறுதி ஆட்டம். அன்னைக்குன்னு பார்த்து முகாமில் செக்கிங். ஆள் நேர்ல நிக்கணும், இல்லேன்னா உதவித்தொகை நின்னுபோகும். அம்மா ஒண்ணும் சொல்லல. அப்பாவோட மருந்துச் சீட்டை எடுத்து என் முன்னால வெச்சாங்க. நான் போகல. மாத்து ஆள் இல்லாம ஆறு பேரா இறங்கித் தோத்துட்டு வந்தாங்க. யாரும் என்னைத் திட்டல. அதுதான் இன்னும் உறுத்துது.

எங்களை 'சிலோன்காரன்' என்கிறார்கள். முத்துக்குளிப்புக்குப் பேர்போன இந்தக் கடல் வழியாகத்தான், தட்டப்பாறை முகாமில் தங்கவைத்து, நம்ம சேரி ஜனங்கள் பலரை வெள்ளைக்காரன் தோட்ட வேலைக்குக் கப்பலேத்தினான். 1948இல் இலங்கை அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் எங்களைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எங்க பாட்டனைக் கேட்டா போட்டார்கள்? 1983இல் அடிபட்டு ஓடிவந்தால் 'அகதி'. 1987 ஜூலைக்குப் பின் இங்கே பிறந்தவனுக்கு, பிறந்த மண் மட்டும் போதாது என்கிறது சட்டம். 2019இல் திருத்தியபோதும் எங்களைச் சேர்க்கவில்லை.

இதே மாவட்டத்து மணத்தி கணேசன் 1994இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடினார். 1995க்கான அர்ச்சுனா விருதும் பெற்றார். சாதி மறிச்ச கோட்டைத் தாண்டிப் போனவர் அவர். எங்களுக்கு அந்தக் கோடும் உண்டு, அதுக்கு அப்புறம் பாஸ்போர்ட் என்கிற கோடும் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணி என்று 10 பேர் போனார்கள். ஓட்டம், நீச்சல், ஜூடோ. எல்லாம் தனித்தனியா ஆடுறது. சேர்ந்து ஆட ஒரு நாடு வேணும்போல.

தோழர்களே, இரக்கம் வேண்டாம். உங்க கோரிக்கைப் பட்டியல்ல முகாம் மக்களின் குடியுரிமையையும் சேருங்க. தாப்பாத்திக்கும் மாப்பிள்ளையூரணிக்கும் போய் அங்குள்ள பிள்ளைகளை உங்க அணிக்குக் கூப்பிடுங்க. ஆட்டத்துக்கு நாள் குறிக்கும்போது மட்டும், அன்னைக்கு செக்கிங் உண்டான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.