சுட்ட கறிக்கு ஜப்பான் சாஸ் – நம்ம கருப்பட்டியில்!

(நயினார்கோவில் கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



'தெரியாகி' என்பது ஜப்பான்காரங்க சுட்ட கறியில் பூசும் சாஸ். 'தெரி' என்றால் பளபளப்பு, 'யாகி' என்றால் சுடுவது. சோயா சாஸ், சர்க்கரை, 'மிரின்' என்கிற இனிப்பு அரிசி மது சேர்ப்பாங்க. நமக்கு மது வேண்டாம். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி இருக்கே!

செய்முறை: 75 கிராம் கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டுங்கள். அரை டம்ளர் சோயா சாஸ் (ஃப்ரைடு ரைஸில் ஊற்றுவாங்களே, அதுதான்), தட்டிய இஞ்சி, பூண்டு, ஒரு முண்டு மிளகாய் சேர்த்து, கரண்டியில் ஒட்டும் பதம்வரை சிறு தீயில் காய்ச்சுங்கள். உப்பு வேண்டாம், சோயாவிலேயே இருக்கு. முண்டு மிளகாய் ஜப்பான் முறை இல்லை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மாவட்டத்துச் சரக்கு, விடலாமா?

முதல் தடவை நான் ஆரம்பத்திலேயே பூசிட்டேன். மேலே கருகிப்போச்சு, உள்ளே வேகலை. இனிப்பு சீக்கிரம் கருகும். கறி வெந்தபின், கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் பூசுங்கள்.

பச்சைக்கறியில் பட்ட சாஸைத் தொட்டுச் சாப்பிடாதீங்க, கிருமி இருக்கும். தொட்டுக்கத் தனிக் கிண்ணத்தில் முன்னாடியே எடுத்து வையுங்கள்.

"இதை விற்கலாமா?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. விற்கலாம். ஆனால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யணும். சோயா, கோதுமை சிலருக்கு ஒத்துக்காது; லேபிளில் எழுதணும். முதலில் வீட்டில் செய்து, செலவை நோட்டில் எழுதுங்க. குழுக்கடன் எடுத்துப் பாட்டில் வாங்குறது அப்புறம்தான். கெட்டுப்போன சாஸுக்கும் தவணை கட்டணும், சகோதரிகளே!