சித்திரை முதல் நாளும் மழைமானியும்



மட்டக்களப்பிலே ஒரு நாளைப் பெயர் சொன்ன அளவில் அன்றைய காற்றும் மழையும் யாவருக்கும் நினைவுக்கு வருமாயின், அது 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாளேயாகும். அன்றிரவு வீசிய சூறாவளியில் இம்மாவட்டத்துத் தென்னந்தோப்புகளிற் பெரும்பகுதி சாய்ந்தது. வீடுகள் கூரை இழந்தன. பல நூறு உயிர்கள் மாண்டன. 1957 டிசம்பர் வெள்ளத்தையும் 2011 சனவரி வெள்ளத்தையும் அவ்வாறே நம் மக்கள் மறந்திலர். அழிவு செய்த நாள்களை நினைவில் வைத்திருக்க ஏடு வேண்டியதில்லை. ஊரே ஏடாக நின்று அவற்றைக் காக்கும். யான் இன்று எடுத்துக்கொண்டதோ எவரும் நினைவில் வையாத ஒரு பொருள். இளவேனிலின் தலைவாயிலாகிய சித்திரை முதல் நாளில் மட்டக்களப்பின் வானம் ஆண்டுதோறும் எவ்வாறு இருந்தது என்பதே அது.

"முன்னெல்லாம் வருடப் பிறப்பன்று பின்னேரத்தில் ஒரு மழை தவறாமற் பெய்யும், இப்போது காலம் கெட்டுவிட்டது" என்று முதியோர் சொல்லக் கேட்கிறோம். மருத்துநீர் வைத்து, புத்தாடை உடுத்து, கைவிசேடம் வாங்கப் புறப்பட்ட நேரத்தில் இடியும் மழையுமாக வந்த ஓர் ஆண்டு, வறண்டு கழிந்த பத்து ஆண்டுகளை மனத்திலிருந்து துடைத்துவிடும். நினைவு தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆகவே இக்கூற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் நாளேட்டைப் புரட்ட வேண்டும்.

இவ்வகையில் மட்டக்களப்பு பேறு பெற்ற ஊர். ஏறத்தாழ 1870ஆம் ஆண்டு தொட்டு மழைவீழ்ச்சிப் பதிவுகள் கிடைக்கும் இலங்கை நிலையங்கள் பதினைந்து அளவே. அவற்றுள் நம்மூரும் ஒன்று. நில அளவைத் திணைக்களத்தின் பொறுப்பில் தொடங்கிய இப்பணி, 1948 முதல் தனித் திணைக்களமாகிய வளிமண்டலவியல் திணைக்களத்தின் கையில் இருந்து வருகின்றது. இங்கிலாந்தின் நடுப்பகுதிக்கு 1772 தொடக்கம் நாள்தோறும் வெப்பநிலைக் கணக்கு உண்டு. அத்துணைப் பழமை நமக்கு இல்லாவிடினும், ஒன்றரை நூற்றாண்டு என்பது ஐந்தாறு தலைமுறையின் வாழ்நாளாகும்.

ஏடு கையில் இருந்தாற் போதுமா? சித்திரை முதல் நாள் எது என்பதே முதற் சிக்கலாகி விடுகின்றது. இன்று அது ஏப்ரல் 14ஆம் திகதியில் வருகின்றது. 1870களிலே அது 12ஆம் திகதியை ஒட்டி வந்தது. நமது பஞ்சாங்கம் விண்மீன்களை அளவாகக் கொண்டு ஞாயிற்றின் மேடப் பிரவேசத்தைக் கணிப்பது; ஆங்கில நாட்காட்டியோ பருவங்களின் சுழற்சியை அளவாகக் கொண்டது. இரண்டிற்குமிடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வேற்றுமை ஏறிக்கொண்டே போகின்றது. எம் பூட்டனார் கொண்டாடிய வருடப் பிறப்பும் யாம் கொண்டாடுவதும் ஞாயிற்றின் வடசெலவில் ஒரே நிலையில் அமைந்தவை அல்ல. மழையையும் வெயிலையும் ஆள்வது அந்த வடசெலவே ஆதலின், ஒப்பிட விரும்புவோர் பண்டிகையைப் பின்பற்றாது ஆங்கிலத் திகதியையே பின்பற்றுதல் தகும். பஞ்சாங்கக்காரர் என்மீது சினங்கொள்ளார் என்று நம்புகின்றேன்.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. நம் நாட்டில் மழைமானியை ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு அளக்கிறார்கள். அப்போது குவளையில் இருப்பது முந்திய இருபத்துநான்கு மணி நேரத்து மழை. ஏப்ரல் 14 காலையில் எடுத்த அளவிற் பெரும்பகுதி 13ஆம் திகதியின் மழையேயாகும். வருடப் பிறப்பன்று பின்னேரம் பெய்த மழை மறுநாட் காலையிலேதான் மானியிலிருந்து வெளிவரும். இதனை அறியாதவர் ஏட்டைப் பார்த்துவிட்டு, "அன்று மழையே இல்லை" என்று சாதித்தல் கூடும். நனைந்தவரும் பொய் சொல்லவில்லை. ஏடும் பொய் சொல்லவில்லை. மேலும், பழைய ஏடுகள் அங்குலத்திலும் பரனைற்றுப் பாகையிலும் எழுதப்பட்டவை. அவற்றை மில்லிமீற்றருக்கும் செல்சியசுக்கும் மாற்றியே படித்தல் வேண்டும். ஓர் அங்குல மழை ஏறத்தாழ 25 மில்லிமீற்றர்.

அந்நாளில் வானம் செய்வதுதான் என்ன? ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாள்களில் ஞாயிறு இலங்கையின் தென்முனையிலிருந்து வடமுனை நோக்கி ஒவ்வோர் ஊராக உச்சிக்கு நேராகக் கடந்து செல்கின்றது. மட்டக்களப்புக்கு அது 9ஆம் திகதியளவில் நிகழும். வாடைக்காற்று ஓய்ந்துவிட்ட காலம். கோடையிலே நம்மைச் சுட்டெடுக்கும் கச்சான் இன்னும் எழாத காலம். காற்றில்லாத நிலத்தின்மேல் வெப்பம் ஏறிக் குவிய, பிற்பகலில் முகில் திரண்டு இடியுடன் பெய்வதைப் புவியியலார் மேற்காவுகை மழை என்பர். படுவான்கரையிலே கொட்டும், எழுவான்கரையிலே மணல் நனையாது. வாவிக்கு அக்கரையில் மின்னுவதை இக்கரையில் இருந்து பார்த்துவிட்டு வியர்வையோடு படுக்கைக்குச் சென்ற இரவுகள் நம்மில் யாருக்கு இல்லை!

நமதூரில் ஏப்ரல் மாதம் முழுவதற்கும் சராசரி மழை ஏறத்தாழ 60 மில்லிமீற்றரே. ஆண்டு முழுவதற்குமோ 1,600க்கும் மேல். அதிற் பெரும்பகுதியை மாரி மூன்று திங்களே தந்துவிடுகின்றன. அறுபதை முப்பது நாளாற் பகுத்தால் நாளொன்றுக்கு இரண்டு மில்லிமீற்றர் என்று விடை வரும். மாணவர் இக்கணக்கைப் பிழையறச் செய்வர். ஆனால் இரண்டு மில்லிமீற்றர் பெய்த ஏப்ரல் நாளை ஏட்டிலே தேடினால் அரிதாகவே கிடைக்கும். ஏட்டிற் காண்பவை வரிசையாகச் சுழியங்கள். இடையிலே திடீரென ஒரு 20, அல்லது ஒரு 35. பின்னர் மீண்டும் சுழியங்கள். இத்தகைய மாதத்தில் ஒரு குறித்த நாளிலே ஆண்டு தவறாது மழை பெய்தது என்பது நம்பத்தக்க கூற்றன்று. முதியோரை மறுப்பது எனக்கு விருப்பமானதன்று. எனினும் கணக்கு அப்படியிருக்கிறது. இரவின் புழுக்கம் முன்னையினும் கூடிவிட்டது என்று அவர்கள் சொல்லும்போது அவர்களை ஏடும் ஆதரிக்கின்றது. இலங்கை நிலையங்கள் பலவற்றில் இரவின் குறைந்த வெப்பநிலை உயர்ந்து வந்திருப்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

அந்தச் சுழியங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏட்டிலே சுழியம் எழுதப்பட்டிருந்தால், அன்று காலை ஒருவர் மானியண்டை சென்று, திறந்து பார்த்து, நீரில்லை என்று கண்டார் என்பது பொருள். கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தால், அன்று யாரும் செல்லவில்லை என்பது பொருள். கூட்டலில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். உண்மையில் இரண்டிற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பல மழைமானி நிலையங்களின் ஏடுகளில் இந்த வெறுமைக் கட்டங்கள் மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் விழுந்தன. அந்நாள்களில் மழை பெய்திருக்கும், வயல் விளைந்துமிருக்கும். அவற்றை இனி எவராலும் அளக்க இயலாது.

இதனால் வந்த இழப்பு யாது என்று கேட்பவர், சிறுபோக ஆரம்பக் கூட்டம் ஒன்றுக்குச் சென்று அமர்ந்து பார்க்கலாம். உன்னிச்சைக் குளத்திலும் நவகிரிக் குளத்திலும் உள்ள நீரைக் கொண்டு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று உழவரும் உத்தியோகத்தரும் அங்கே தீர்மானிக்கின்றனர். ஏப்ரலில் வானம் எவ்வளவு கைகொடுக்கும் என்பது அத்தீர்மானத்தின் ஒரு பாதி. கூடுதலாக நம்பினால் கதிர் குடலையிலே கருகும். குறைவாக நம்பினால் விதைக்கக்கூடிய நிலம் வெறுமனே கிடக்கும். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் மழை அளக்கும் பாத்திரத்தைத் தானியக் களஞ்சியத்தின் முன்னே வைக்கச் சொல்கின்றது. நம் பஞ்சாங்கமும் மழையை மரக்காலால் அல்லவா அளக்கின்றது! நெல்லுக்கும் மழைக்கும் ஒரே அளவை வைத்த முன்னோர், இரண்டின் கணக்கும் ஒன்றே என்று கண்டிருந்தனர்.

ஒரு நிலையத்து ஏடு மட்டும் வாவியின் இருகரைக்கும் போதாது என்பதை மேலே சொன்ன இடிமழையே காட்டும். பாடசாலை தோறும் ஒரு மழைமானி வைத்தல் அரிய செயலன்று. மரநிழலும் கட்டடமும் அண்டாத திறந்த வெளியொன்றும், நேர்ச்சுவருள்ள பாத்திரமும், அடிமட்டமும், கோடிட்ட கொப்பியும் போதும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர் விழுந்தால் அது ஒரு மில்லிமீற்றர் மழை என்று சொல்லிக்கொடுத்தால், ஏழாம் வகுப்பு மாணவன் மறுநாளே தன் வீட்டு முற்றத்து மழையை லீற்றரிற் கணக்கிட்டு வந்து நிற்பான்.

ஆயினும் ஒரு தடை உண்டு. சித்திரை வருடப் பிறப்பு பாடசாலை விடுமுறையில் வருகின்றது. வாயிற்கதவு பூட்டியிருக்கும், ஆசிரியர் ஊருக்குப் போயிருப்பர், யாம் பேசிய அந்த ஒரு நாளின் கட்டமே முதலில் வெறுமையாகும். ஆதலால் மானியைப் பாடசாலைக்குள்ளே வையாது, வேலிக்கு அப்பால் குடியிருக்கும் ஒரு மாணவியின் வீட்டு முற்றத்தில் வைத்து, கொப்பியையும் அவள் பொறுப்பிலேயே விடுவது நன்று. ஏப்ரல் 15ஆம் திகதி காலை எட்டரை மணிக்கு, பலகாரத் தட்டைச் சற்றே கீழே வைத்துவிட்டு, அவள் போய்ப் பார்த்து எழுதட்டும். நீரில்லையேல் சுழியம் என்றே எழுதட்டும்.