பட்டம் கட்டியவன் யார்?

திருப்பூர் பனியன், மில் தொழிலாளத் தோழர்களே! சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளிகளே!

1800 ஜூனில் நம் கோயமுத்தூரில் கிளர்ச்சிக்காரர்கள் கும்பினிப் படையைத் தாக்கினார்கள். அந்தப் போராட்டத்தின் இன்னொரு முனை சிவகங்கை. அங்கே தலைவர்கள் மருது சகோதரர்கள். எல்லாச் சாதியாரும் ஒன்றுபட்டு வெள்ளையனை எதிர்க்க வேண்டும் என்று 1801 ஜூன் 16-ல் சின்ன மருது திருச்சியில் அறிக்கை ஒட்டச் செய்தார்.

கும்பினியார் காளையார்கோயில் காட்டை வெட்டிப் பாதை போடப் பார்த்தார்கள். வாரக்கணக்கில் வெட்டியும் முடியவில்லை, திரும்பிப் போனார்கள். பிறகு மக்களின் ஒற்றுமையை வெட்டத் துணிந்தார்கள்!

மருதுகள் அரச குடும்பத்தார் அல்லர். பிரதானிகளாயிருந்து ஆட்சிக்கு வந்தவர்கள். அந்த ஓட்டையைக் கும்பினி கண்டுகொண்டது. அரச வாரிசு என்று உரிமை கோரிய கௌரி வல்லபரைத் தேடிப் பிடித்து, 1801 செப்டம்பரில் சோழபுரத்தில் பட்டம் கட்டியது. "உண்மையான வாரிசு இவர்தான்" என்று பலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோயில் விழுந்தது. அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருதிருவரும் தூக்கிலேற்றப்பட்டார்கள்.

பட்டம் கட்டிக்கொண்டவராவது சுதந்திர மன்னராக ஆண்டாரா? இல்லை! கும்பினிக்குக் கிஸ்தி செலுத்தும் ஜமீன்தாரானார். அந்தக் கிஸ்திப் பாரம் உழுதவன் முதுகில்தான் இறங்கியது. ஜமீன் முறையை ஒழிக்க 1948-ல்தான் சட்டம் வந்தது.

யாருக்குப் பிறந்தவர் என்று மட்டும் அன்று பலர் பார்த்தார்கள். பட்டம் கட்டிய கை யாருடையது என்று பார்க்கவில்லை. போராட்டத்தின் நடுவே புதுத் தலைவர் ஒருவர் முளைத்தால், நாம் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கையைத்தான், தோழர்களே!