அம்மா எழுதச் சொன்ன ஆட்சேபக் கடிதம்
(ஆலயத் திருவிழாவின் நான்காம் நாள் இரவு நடைபெற்ற நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



"ஆலயமும் இயற்கையும்" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார். தல விருட்சங்களைப் பற்றிப் பேசுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கின்றார்கள். நான் சமய அறிஞன் அல்லன். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டுகள் படித்து, பின்னர் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளிக்கொண்டிருக்கும் ஓர் எளிய ஊழியன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு காட்டைப் பற்றியும், அந்தக் காட்டுக்காக நான் செய்யத் தவறிய ஒரு செயலைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

நம் கோலலங்காட் மாவட்டத்தில் வடக்குக் காப்புக்காடு என்று ஒரு காடு இருக்கிறது. உங்களில் பலர் அதன் ஓரமாக வண்டியில் போயிருப்பீர்கள். அது காப்புக்காடு என்று அறிந்திருக்க மாட்டீர்கள். 1927-ஆம் ஆண்டு அரசிதழில் அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பு ஏறத்தாழ 7,247 ஹெக்டர். சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுத்ததில், 2020-ஆம் ஆண்டில் எஞ்சியிருந்தது 957.63 ஹெக்டர் மட்டுமே.

சிறு வயதில் நாங்கள் அந்தப் பக்கத்து வாய்க்காலில் மீன் பிடிக்கப் போவதுண்டு. தண்ணீர் தே-ஓ நிறத்தில் இருக்கும். அழுக்குத் தண்ணீர் என்று அம்மா அடிப்பார். அது அழுக்கு அல்ல என்பதைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் விளக்கினார். இலையும் கட்டையும் தண்ணீரில் ஊறி ஊறி அதன் சாறு இறங்குவதால் வரும் நிறம் அது. மலாய்மொழியில் கம்புட் என்று சொல்லப்படும் கரிமண்ணின் கதையும் அதுதான். விழுந்த மரம் நீருக்குள் மூழ்கிக் கிடப்பதால் முழுமையாக மட்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பல மீட்டர் ஆழத்துக்கு நிலமாகிவிடுகிறது. நாம் மண் என்று நினைத்து மிதிப்பது மண்ணன்று, பாதி மட்கிய மரம். உலகத்தின் நிலப்பரப்பில் இத்தகைய கரிநிலம் நூற்றுக்கு மூன்று பங்குதான். ஆனால் உலக மண்ணில் அடங்கியுள்ள கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்குள்ளே இருக்கிறது. நீர் நிறைந்திருக்கும் வரையில் அந்தக் கரி தூங்கும். வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் காற்றுப் பட்டுக் கரியமில வாயுவாக மேலே போய்விடும். நிலமும் தாழும். தீப் பிடித்தால் அதனினும் மோசம். தீ மேலே தெரியாது. அடியிலே ஊர்ந்துகொண்டு போகும். தீயணைப்புப் படையினர் இன்று அணைத்த இடத்தில் நாளை புகை வரும். கிள்ளானுக்குப் பக்கத்தில் ஜோஹான் செத்தியாவில் தீப் பிடிக்கும்போதெல்லாம் நம் பிள்ளைகள் முகக்கவசம் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் நாளிதழ்களில் ஓர் அறிவிப்பு வந்தது. எஞ்சியிருந்த 957 ஹெக்டரில் 930.93 ஹெக்டரைக் காப்புக்காட்டுப் பட்டியலிலிருந்து நீக்க எண்ணம் இருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாள்களுக்குள் எழுதித் தெரிவிக்கலாம் என்பது அதன் சாரம். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு! அந்த இடத்தில் வணிக வளாகங்களும் வீடுகளும் அமையும் என்றார்கள். தீயினால் காடு பல இடங்களில் சிதைந்துவிட்டது என்பதையும் ஒரு காரணமாகக் காட்டினார்கள். நீரை வடித்ததால் தீப் பிடித்தது, தீப் பிடித்ததால் காடு வேண்டாம் என்கிறார்கள். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று வீட்டை இடிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அறிவிப்பு வந்த வாரம் தைப்பூச வாரம். நாமெல்லாம் காவடியும் தண்ணீர்ப் பந்தலுமாக இருந்தோம். அந்தக் காட்டை நம்பி வாழும் தெமுவான் பூர்வகுடி மக்களுக்கு அந்த ஓய்வு இல்லை. புசுட் பாரு, புக்கிட் சீடிங் முதலிய கிராமங்களில் வாழும் அவர்கள் மருந்துக்கும் வாழ்வாதாரத்துக்கும் அந்தக் காட்டுக்குள்தான் போகிறார்கள். அவர்கள் எதிர்த்து நின்றார்கள். சுற்றுச்சூழல் இயக்கங்களும் குடிமக்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். சூரியக் கரடியும் தாப்பிரும் வாழும் காடு அது. நீர் கறுத்த இத்தகைய சதுப்பிலே மட்டும் வாழும் செந்நிறச் சண்டை மீன் ஒன்று சிலாங்கூரைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை.

தைப்பூசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நம் அன்னதானக் கூடத்தில் இளைஞர் பகுதிப் பெண் ஒருவர் ஒரு மேசையைப் போட்டு ஆட்சேபக் கடிதம் எழுத ஏற்பாடு செய்திருந்தார். கடிதம் மலாய்மொழியில் இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு எழுத வராது. "அண்ணே, நீங்கள் அரசாங்கத்தில் இருப்பவர், நன்றாக எழுதுவீர்கள்" என்று என்னை உட்கார வைத்துவிட்டார். அன்று முப்பத்தொரு கடிதங்கள் எழுதினேன். அவற்றுள் ஒன்று என் அம்மாவுடையது. என்ன காரணம் எழுதட்டும் என்று கேட்டேன். "அந்தக் காடு எரிந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று எழுது" என்றார். பிறகு சற்று யோசித்து, "நமக்கே இப்படி என்றால் அதற்குள்ளே இருக்கிற வாயில்லா ஜீவன் என்ன செய்யும் என்றும் எழுது" என்றார். இருபத்தெட்டு ஆண்டுகள் பால் மரம் வெட்டிய கையினால் தமிழிலே கையெழுத்துப் போட்டார்.

மேசையைக் கட்டும் நேரத்தில் அந்தப் பெண் ஒரு வெற்றுத் தாளை என் பக்கம் நகர்த்தி, "அண்ணே, உங்களுடையது?" என்றார். நான் அரசாங்க ஊழியன், எனக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

1993-ஆம் ஆண்டின் ஒழுங்கு விதிகள் அரசாங்க ஊழியர் அரசின் கொள்கையைக் குறித்துப் பொதுவில் அறிக்கை விடுவதைக் கட்டுப்படுத்துகின்றன. அது உண்மை. ஆனால் அரசாங்கமே கேள்வி கேட்டு விளம்பரம் கொடுத்து, பதில் எழுது என்று முகவரியும் தந்திருக்கிறபோது, பதில் எழுதுவது அறிக்கை விடுவதாகுமா? பணி ஓய்வு பெற்ற மூத்த அதிகாரி ஒருவரிடம் பின்னர் இதைக் கேட்டேன். அவர் சிரித்தார். "விதியைப் படித்துப் பயந்தாயா, படிக்காமல் பயந்தாயா?" என்று கேட்டார். படிக்காமல்தான் பயந்தேன். அதற்குள் முப்பது நாள் முடிந்துவிட்டது. அந்தக் காட்டுக்காக 45,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் என் பெயர் இல்லை.

கோப்புகளோடு பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தெருவிலே எழும் குரலைக் கேட்காததுபோல் இருந்துவிடலாம். பதிவு செய்யப்பட்ட கடிதத்தை வரவில்லை என்று சொல்வது கடினம். ஆனால், காட்டை நீக்கும் முன் பொதுமக்களைக் கேட்க வேண்டும் என்ற விதி நாடு முழுவதற்கும் இருந்ததில்லை. காடும் நிலமும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. சிலாங்கூர் 2011-ஆம் ஆண்டில் தன் வனச் சட்டத்தைத் திருத்தியதனால்தான் நமக்கு அந்த முப்பது நாள் கிடைத்தது. அந்த விதி இல்லாதிருந்தால் என் அம்மாவின் கடிதத்துக்குப் போக முகவரியே இருந்திருக்காது.

கடிதம் போனதும் காடு பிழைத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2020 நவம்பரில் மாநிலச் சட்டமன்றமே காட்டைக் காக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் 2021 ஆகஸ்டு 30-ஆம் நாள் சட்டமன்றத்தில் ஒரு செய்தி வெளிவந்தது. அதே ஆண்டு மே மாதத்திலேயே 536.7 ஹெக்டர் காடு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதாம்! அம்மாவிடம் சொன்னேன். "அப்போது நாம் எழுதினதை யாரும் படிக்கவில்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எழுதாத நான் என்ன பதில் சொல்வது?

அடுத்த ஒன்பது நாள்களில் நடந்ததை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். பூர்வகுடி மக்கள், இயக்கங்கள், எல்லாக் கட்சியிலும் உள்ள மனச்சாட்சி உடையவர்கள், நாளிதழ்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் கண்டனம் எழுந்தது. "45,000 பேர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே" என்பதே ஒவ்வொருவர் வாதத்துக்கும் அடித்தளமாக நின்றது. செப்டம்பர் 8-ஆம் நாள் மந்திரி பெசார், அந்த முடிவு ரத்து செய்யப்படுகிறது, அந்த நிலம் மீண்டும் காப்புக்காடாக அரசிதழில் அறிவிக்கப்படும் என்று சொன்னார். 2020-இல் எழுதிய கடிதங்கள் 2021-இல்தான் வேலை செய்தன.

"நமக்கு இருக்கிற பிரச்சினை போதாதா? பள்ளிக்கூடம், இடுகாடு, கோயில் நிலம் என்று ஆயிரம் கவலை, இதில் கரடிக்கும் மீனுக்கும் ஏன் அலைய வேண்டும்?" என்று நம்மில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் அதை இப்படி எண்ணிப் பார்க்கிறேன். இந்த ஆலயம் தோட்டத்தில் இருந்தபோது அதற்கு நிலப் பட்டா இல்லை. தோட்டம் கைமாறிய அன்று ஆலயமும் கைமாறியது. மூலவரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். தாளில் பெயர் இல்லாத இடம் எவ்வளவு எளிதாகப் போய்விடும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காட்டுக்கோ 1927 முதல் தாளில் பெயர் இருந்தது. அப்படியிருந்தும் ஒரு கையெழுத்தில் போக இருந்தது. அந்தத் தாளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

2022-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தியது. காப்புக்காட்டை நீக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும், நீக்கினால் அதே அளவு நிலத்தைப் பதிலுக்குத் தர வேண்டும் என்கிறது அத்திருத்தம். நல்ல திருத்தம்தான். ஆயினும் ஒவ்வொரு மாநிலமும் அதனை ஏற்றுக்கொண்டால்தான் அங்கே நடைமுறைக்கு வரும். விசாரணை என்று ஒன்று வைத்தாலும், அறிவிப்பு மலாய், ஆங்கில நாளிதழ்களில் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும். நம்மில் பெரும்பாலோர் கண்ணில் படாது. படும்போது நாள் கடந்திருக்கும்.

ஆகவே நிர்வாகக் குழுவிடம் ஒரு விண்ணப்பம் வைத்தேன். தலைவர் அவர்களும் அன்போடு இசைந்தார்கள். உபயதாரர் பட்டியல் ஒட்டும் பலகையின் வலப்புறத்தில் ஒரு முழம் இடம் ஒதுக்கப்படும். காடு, ஆறு, நிலம் தொடர்பாக நம் வட்டாரத்தில் அரசாங்க அறிவிப்பு ஏதேனும் வந்தால், அதைத் தமிழில் எழுதி, கடைசி நாளையும் குறித்து அங்கே ஒட்டுவோம். இளைஞர் பகுதி நாளிதழ்களைப் பார்த்துக்கொள்ளும். கடிதம் எழுத வராதவர்கள் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அன்னதானக் கூடத்துக்கு வரலாம். இடப்புற மேசையில் நான் இருப்பேன். என் கடிதத்தை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் உங்களுடையதைத் தொடங்குவேன். "இவன் எப்போது முடிப்பான்" என்று அம்மா முன்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், தீபாராதனைக்கும் நேரமாகிவிட்டது.