கசடு கரியானால் உரமாகுமா?



தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நீரைச் சுத்தம் செய்கிறார்கள். தண்ணீர் தெளிந்து மேலே நிற்கும். சேறு அடியில் தங்கும். இந்தச் சேறுதான் கசடு. தண்ணீர் ஓடிவிடும். கசடு எங்கே போகும்?

இராணிப்பேட்டையில் அது ஒரு தொட்டியில் கிடந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிய தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கங்கைக் கரையில், கான்பூர் ஜாஜ்மாவிலும் தோல் ஆலைகள் உண்டு. அங்கேயும் கசடு பெரிய தொல்லைதான்.

இதைக் கரியாக்கலாம் என்கிறார்கள். கரிமூட்டம் பார்த்திருப்பீர்கள். விறகை அடுக்கி, மண் பூசி மூடித் தீ வைப்பார்கள். உள்ளே காற்று அதிகம் போகாது. அதனால் விறகு சாம்பலாகாது, கரியாகும். கசட்டுக்கும் இதே முறைதான். முதலில் காய வைக்க வேண்டும். ஈரமாகப் போட்டால் தண்ணீரை ஆவியாக்கவே எரிபொருள் தீர்ந்துவிடும். பிறகு மூடிய உலையில் 300 முதல் 700 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். கிருமி சாகும். நாற்றம் போகும். எடை குறையும்.

இந்தக் கரியை உயிர்க்கரி என்கிறார்கள். உமியிலும் கடலைத் தோலிலும் செய்த உயிர்க்கரியை நிலத்தில் போடலாம். மண் ஈரம் பிடிக்கும்.

ஆனால் தோல் ஆலைக் கசடு உமி அல்ல. தோல் பதனிடக் குரோமியம் என்ற உலோகத்தின் உப்பைச் சேர்க்கிறார்கள். அது கசட்டில் தங்குகிறது. உலோகம் எரிந்து போகாது. குழம்பு சுண்டினால் உப்புக் கரிக்கிறதே, ஏன்? உப்பு கூடவில்லை, தண்ணீர்தான் குறைந்தது. இதுவும் அப்படித்தான். பத்துக் கிலோ காய்ந்த கசடு ஐந்து கிலோ கரியானால், அத்தனை குரோமியமும் அந்த ஐந்து கிலோவுக்குள்தான் இருக்கும். நல்ல உலையில் செய்த கரி அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். உலைக்குள் காற்றுப் புகுந்தால்தான் வினை. குரோமியத்தில் ஒரு பங்கு வேறு வகையாக மாறும். அந்த வகை தண்ணீரில் எளிதில் கரையும். புற்றுநோயும் தரும். ஆகவே இதை வீட்டுப் பக்கம் மூட்டம் போட்டுப் பார்க்காதீர்கள்.

ஒருநாள் ஒருவர் லாரியில் கரி கொண்டுவரலாம். "இலவச உரம் அம்மா, நிலத்தில் கொட்டட்டுமா?" என்று கேட்கலாம். கரி கறுப்பாக, நாற்றமில்லாமல் இருக்கும். உலோகம் கண்ணுக்குத் தெரியாது. எந்த ஆலைக் கசடு என்று கேளுங்கள். பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள். அதில் குரோமியம் என்ற சொல்லை எழுத்துக் கூட்டித் தேடுங்கள். பக்கத்தில் எண் இருக்கும். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தால் படித்தவரிடம் காட்டுங்கள். பிறகு வேளாண்மை அலுவலரிடம் கொண்டுபோங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை ஒரு கூடை கரியும் நிலத்தில் இறங்கக் கூடாது.

சீட்டே இல்லையா? லாரியைத் திருப்பி அனுப்புங்கள். ஆலைக் கசட்டை அனுமதி இல்லாமல் கொட்டுவதை 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் தடுக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதலாம். லாரி எண், வந்த தேதி, கொட்டிய இடம், மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். கீழே கைநாட்டு வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள்.