கணக்கு நம் கையில் இருக்கட்டும்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச வந்திருப்பது போனைப் பற்றி. "பிள்ளைகள்தான் போனும் கையுமாகக் கிடக்கிறார்கள், டீச்சரும் அதைத்தானா சொல்ல வேண்டும்" என்று சிலர் நினைப்பது தெரிகிறது. நான் சொல்ல வந்தது விளையாட்டுப் போனை அல்ல. மண்வெட்டி, தையல் மெஷின் மாதிரி தொழிலுக்கு உதவும் போனை.

நம் லயங்களில் சும்மா இருக்கிற பெண் யார்? மலையால் இறங்கி வந்த பிறகு ஒருவர் முறுக்குச் சுடுகிறார், ஒருவர் தைக்கிறார், ஒருவர் மாடு வளர்க்கிறார், ஒருவர் லயத்துக்குப் பின்னால் கீரையும் போஞ்சியும் போடுகிறார். எல்லாம் தொழில்தான். ஆனால் "மாதம் எவ்வளவு மிஞ்சுது அக்கா?" என்று கேட்டால், "ஏதோ ஓடுது" என்பதுதான் பதில். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். அளக்காமல் ஓடுகிற தொழில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நமக்கே தெரியாது.

ஒரு கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு தடவை முறுக்குச் சுட மா 600 ரூபா, எண்ணெய் 900, தூள் சாமான் 150, விறகு 200, பக்கட் 150. மொத்தம் 2,000. 50 பக்கட், ஒன்று 60 ரூபா, வரவு 3,000. ஆயிரம் ரூபா லாபம் என்று மனம் சொல்லும். பொறுங்கள். 8 பக்கட் கடனுக்குப் போயிருக்கிறது, 480 ரூபா. டவுனுக்குப் போய்வந்த பஸ் காசு 160. போனுக்கு ரீலோட் 100. கையில் மிஞ்சியது 260 ரூபா. கடன் திரும்பி வந்தால்தான் 740.

இந்தத் தொழிலுக்கென்று நுண்கடன் எடுத்து, வாரம் 1,500 ரூபா கட்ட வேண்டும் என்று வையுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை சுட்டாலும் கையில் வருவது 520. மீதி 980 ரூபா எங்கிருந்து போகிறது? கொழுந்து பறித்த சம்பளத்திலிருந்து. அதாவது, தொழில் வீட்டைக் காப்பாற்றவில்லை. தோட்டச் சம்பளம் தொழிலையும் கடனையும் காப்பாற்றுகிறது. எழுதி வைக்காதவருக்கு இது கடைசிவரை தெரியாது. அடுத்த கடனை எடுத்து முதல் கடனைக் கட்டுவார்.

ஆகவே போனில் முதலில் செய்ய வேண்டியது விற்பனை அல்ல, கணக்கு. இதற்கு டேட்டாவும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். போனிலுள்ள குறிப்புப் பகுதியில் தினமும் மூன்று வரி போதும்: என்ன வாங்கினேன், என்ன விற்றேன், யார் கடன். எழுத வராத அம்மாமார் கவலைப்பட வேண்டாம். வட்ஸ்அப்பில் நம் இலக்கத்துக்கே நாம் குரல் செய்தி அனுப்பலாம். "இன்று ராணி அக்கா மூன்று பக்கட் கடன்" என்று சொல்லி வைத்தால், திகதியோடும் நேரத்தோடும் அங்கே கிடக்கும். மாத முடிவில் பிள்ளையை உட்கார வைத்துக் கூட்டச் சொல்லுங்கள். அதுவும் அவர்களுக்கு நல்ல கணக்குப் பாடம்.

அடுத்தது ஓடர். சுட்டுவிட்டு ஆள் தேடாமல், ஆள் சேர்ந்த பிறகு சுடுங்கள். வியாழக்கிழமை வட்ஸ்அப்பில் கேளுங்கள், சனிக்கிழமை சுடுங்கள். மீதமும் குறையும், பஸ் காசும் குறையும். படம் எடுப்பதென்றால் பகல் வெளிச்சத்தில், வாசலில், சுத்தமான துணிமேல் வைத்து எடுங்கள். விலையையும் நிறையையும் படத்தோடு எழுதுங்கள். வாடிக்கையாளர் கூடினால் வட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற செயலி இருக்கிறது. இலவசம். பொருளும் விலையும் அதில் வரிசையாகப் போட்டு வைக்கலாம்.

மூன்றாவது, காசு. "காசு போட்டுட்டேன் அக்கா" என்று ஒருவர் சிலிப்பைப் படம் பிடித்து அனுப்பினால், அந்தப் படம் காசாகாது. வங்கிக் கணக்கில் விழுந்ததா என்று பார்த்த பிறகே சாமானைக் கொடுங்கள். நமக்கு வர வேண்டிய காசுக்கு நம் இரகசிய இலக்கம் தேவையே இல்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி, போனுக்கு வந்த ஓடீபீ இலக்கத்தைக் கேட்டால் உடனே வைத்துவிடுங்கள்.

கடன் பத்திரம் ஆங்கிலத்தில் வந்தால், கூகுள் டிரான்ஸ்லேட்டில் படம் பிடித்தால் ஓரளவு தமிழில் விளங்கும். அந்த ஓரளவை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். சங்கத்தில் காட்டுங்கள். நிதி நிறுவனம் அநியாயம் செய்தால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

இங்கே ஆண்களும் இருக்கிறீர்கள், ஒன்று சொல்கிறேன். தொழில் செய்வது அம்மா, போன் இருப்பது மகன் கையில், வங்கிக் கணக்கு அப்பா பெயரில் என்றால், அம்மா தன் வீட்டிலேயே கூலியாள் ஆகிவிடுகிறார். தொழில் யாருடையதோ, இலக்கமும் கணக்கும் அவர் பெயரில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இறங்க முடியாது. "சம்பளம் போதாவிட்டால் வீட்டில் ஏதாவது தொழில் செய்யட்டுமே" என்று பேசுகிறவர்கள் உண்டு. முறுக்கு விற்கிற காசு சம்பள உயர்வுக்குப் பதிலாகாது. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு நாம் வருடக்கணக்கில் குரல் கொடுத்தோம். 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. அடுத்த பேச்சுவார்த்தையிலும் வாழ்க்கைச் செலவைச் சொல்லித்தான் கேட்கப் போகிறோம். மாவும் எண்ணெயும் மாதா மாதம் என்ன விலை என்று நூறு வீட்டுப் போனில் எழுதியிருந்தால், அந்த மேசையில் நம் பிரதிநிதியின் கையில் வெறும் பேச்சு இருக்காது.

அதே பழக்கத்தை மலைக்கும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு நிறுவையிலும் எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு என்று அன்றன்றே குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். அரைப்பேர் போட்டார்கள் என்று சங்கத்துக்கு வரும்போது, "எந்த நாள், எத்தனை கிலோ?" என்றுதான் முதலில் கேட்போம். தோட்டத்திடம் செக்ரோல் இருக்கிறது. இவ்வளவு காலமும் நம்மிடம் ஞாபகம் மட்டும்தான் இருந்தது. ஞாபகத்தை வைத்துச் செக்ரோலோடு வழக்காட முடியாது.

இன்று இரவே தொடங்குங்கள். போன் இல்லாதவர் கொப்பியில் எழுதுங்கள், குற்றமில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு மாதக் கணக்கோடு வாருங்கள். இங்கேயே உட்கார்ந்து, எந்தத் தொழில் வீட்டுக்கு உதவுகிறது, எது கடனுக்கு உழைக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.