மந்தையை மறிக்கும் கலை

1873 அக்டோபர் 9ஆம் நாள், வேல்ஸ் நாட்டில் பாலா என்ற சிற்றூரை ஒட்டிய மலைச்சரிவில் முந்நூறு பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். ரிச்சர்ட் ஜான் லாயிட் பிரைஸ் என்ற நிலக்கிழார் அங்கே ஒரு போட்டி வைத்திருந்தார். களத்தில் பத்து நாய்கள். மேட்டில் நிற்கும் ஆடுகளை ஓட்டிவந்து பட்டியில் அடைக்க வேண்டும். ஊர்க்காரர்களின் நாய்களையெல்லாம் தாண்டி, வேல்ஸில் குடியேறியிருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் நாய் பரிசைத் தட்டிக்கொண்டு போனது. அதன் பெயர் ட்வீட். பிரிட்டனில் மேய்ப்பு நாய்ப் போட்டியின் வரலாறு அந்தச் சரிவில்தான் தொடங்குகிறது. 2002இல் முதல் உலகப் போட்டியை நடத்த இடம் தேடியபோதும் பாலாவையே தேர்ந்தெடுத்தார்கள்.

துடிப்பான மேய்ப்பு நாய்களுக்கென்று இன்று எத்தனையோ விளையாட்டுகள் வந்துவிட்டன. அவற்றுள் கலை என்று சொல்லத் தகுந்தது இந்த ஆட்டுப் போட்டிதான். ஏன் என்பதைக் களத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். வானொலியில் களத்தைக் காட்ட வழியில்லை. நேயர்கள் மனக்கண்ணில் ஒரு புல்வெளியை விரித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கோடியில் ஒரு கம்பம். அதன் அருகே மேய்ப்பர், அவர் காலடியில் நாய். ஏறத்தாழ 400 கஜத்துக்கு அப்பால் ஐந்து ஆடுகள். மேய்ப்பர் மெல்ல ஒரு சொல் சொல்கிறார். நாய் ஆடுகளை நோக்கி நேராக ஓடுவதில்லை. ஒரு பக்கமாக அகன்று, வளைந்து, ஆடுகள் மிரளாதபடி அவற்றின் பின்புறம் போய்ச் சேர்கிறது. அந்த வளைவான ஓட்டத்துக்கு 20 மதிப்பெண். பிறகு ஆடுகளை நேர்கோட்டில் மேய்ப்பரிடம் கொண்டுவர 20. அவரிடமிருந்து விலக்கி, இரண்டு வாயில்களின் ஊடாக முக்கோணப் பாதையில் ஓட்டிச்செல்ல 30. வட்டத்துக்குள் மந்தையைப் பிரிக்கப் பத்து, பட்டியில் அடைக்கப் பத்து.

கூட்டிப் பார்த்தவர்களுக்கு இன்னொரு பத்து குறைவது தெரிந்திருக்கும். நாய் பின்னால் வந்து நின்றபின், ஆடுகள் முதல் அடி எடுத்துவைக்கும் அந்தச் சில நொடிகளுக்கு உரியது அது. மதிப்பெண்ணில் சிறியதுதான், ஆனால் ஓட்டம் முழுவதன் போக்கும் அங்கேதான் முடிவாகிறது. நாய் தலையைத் தாழ்த்தி, கண்ணை எடுக்காமல், அடிமேல் அடி வைத்து நெருங்குகிறது. ஆடுகள் நிமிர்ந்து பார்க்கின்றன. இந்த நாய் பதறுமா, பாயுமா, பயப்படுமா என்று அவை எடைபோடுகின்றன. நாய் அவசரப்பட்டால் ஐந்தும் சிதறும். தயங்கினால் ஒன்று காலைத் தரையில் அடித்து எதிர்த்து நிற்கும். நெருக்கம் சரியாக இருந்தால் மட்டுமே அவை அமைதியாகத் திரும்பி நடக்கத் தொடங்கும். அதற்குப் பின் வரும் எல்லாமே அந்த முதல் அறிமுகத்தின் தொடர்ச்சி.

மந்தையைப் பிரிக்கும் கட்டம் வரும்வரை மேய்ப்பர் கம்பத்தை விட்டு நகரக் கூடாது. அவரிடம் இருப்பது சில சொற்களும் சீழ்க்கையும்தான். ‘கம் பை’ என்றால் ஆடுகளைக் கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும்; ‘அவே’ என்றால் எதிர்த்திசையில். தூரம் கூடும்போது சொல் எட்டாது, சீழ்க்கைதான் எட்டும். இரண்டு நாய்கள் வைத்திருப்பவர்கள் ஒன்றின் ஒலி மற்றதைக் குழப்பாதபடி தனித்தனிச் சீழ்க்கைகள் பழக்குவார்கள். ஆனால் 400 கஜத்துக்கு அப்பால், ஓர் ஆட்டின் காது எந்தப் பக்கம் திரும்பியது என்பது மேய்ப்பரைவிட நாய்க்குத்தான் முதலில் தெரியும். கட்டளைக்குப் பணியும் நாய், தானாகவும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கண்ணாலேயே ஆட்டை நகர்த்தும் இந்த ஆற்றல் பார்டர் கோலி என்ற மேய்ப்பு நாய் இனத்துக்கு வேட்டை விலங்கிடமிருந்து வந்தது. ஓநாய் இரையைத் தேடும், உற்று நோக்கும், பதுங்கும், துரத்தும், கடிக்கும், கொல்லும். அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் விளக்கியபடி, மேய்ப்பு நாயிடம் அந்தச் சங்கிலியின் முற்பகுதி கூர்மையாகி, கடிப்பதும் கொல்வதும் அடங்கிப்போயிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக மேய்ப்பர்கள் தேர்ந்தெடுத்து இணைசேர்த்ததன் விளைவு அது. 1893இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லேண்டில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஓல்ட் ஹெம்ப் இந்த இனத்தின் மூதாதை என்று போற்றப்படுகிறது. தந்தை ராய் சாந்தமான நாய். தாய் மெக் தீவிரமான பார்வை கொண்டது. இரண்டும் மகனிடம் அளவாகக் கலந்திருந்தன. ஓல்ட் ஹெம்ப் இருநூறுக்கும் மேற்பட்ட குட்டிகளுக்குத் தந்தையானது. கடிப்பதை அடக்கும் அந்தத் தேர்வு இன்றைக்கும் தொடர்கிறது: களத்தில் ஆட்டை நியாயமின்றிக் கடிக்கும் நாய் உடனே வெளியேற்றப்படும்.

ஆடு இல்லாத நகரத்தில் இந்த நாய் என்ன செய்யும்? வேலை கொடுக்காவிட்டால் தானே தேடிக்கொள்ளும்: மிதிவண்டியைத் துரத்தும், ஓடும் குழந்தைகளை வளைக்கும். ஆட்டு மேய்ப்புக்கு மாற்றான விளையாட்டுகளில் பெரும்புகழ் பெற்றது அஜிலிட்டி. 1978இல் லண்டனின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளின் இடைவேளையை நிரப்பக் குதிரைத் தடைதாண்டலைப் பார்த்து உருவாக்கப்பட்டது அது. குழாய்க்குள் நுழைவதும் கம்பங்களுக்கிடையே வளைந்தோடுவதும் பார்டர் கோலிக்குக் கைவந்த கலை. ஃபிளைபால் நான்கு நாய்களின் தொடரோட்டம். வேகம் உண்டு, யோசனைக்கு இடம் குறைவு. ஜெர்மனியில் உருவான டிரைப்பால் எட்டுப் பெரிய பந்துகளை மூக்காலும் தோளாலும் தள்ளிக் கோலுக்குள் சேர்க்கும் ஆட்டம். நாய் பந்துக்குப் பின்னால் சுற்றிப்போக வேண்டும், ஆட்டுவிப்பவர் தொலைவில் நிற்க வேண்டும் என்பதால் மேய்ப்புத் தொழிலுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

இவை எல்லாமே நல்லவை. காலுக்கு மட்டுமல்ல, மூளைக்கும் வேலை வேண்டும் என்பதைச் சேசர் என்ற பார்டர் கோலி காட்டியது. அமெரிக்க உளவியலாளர் ஜான் பில்லி மூன்றாண்டுகள் பழக்கியதில் அது 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றது. ஆனால் பந்துக்கு மனம் கிடையாது. தடைக்கம்பம் பயப்படாது, முரண்டு பிடிக்காது. ஆட்டுப் போட்டியில் மட்டும்தான் மனிதர், நாய் என்ற இருவரோடு மூன்றாவதாக ஒரு விருப்பமும் களத்தில் நிற்கிறது. ஆட்டின் விருப்பத்தை முறிக்காமல் திசைதிருப்புவதில்தான் அதன் அழகு இருக்கிறது.

போட்டி என்பது தொழில் முழுவதும் ஆகிவிடாது. பனிப்புயலில் புதைந்த ஆட்டைத் தேடுவதையும் நூற்றுக்கணக்கான ஆடுகளை மலைவிட்டு இறக்குவதையும் ஐந்து ஆடுகளை வைத்து அளக்க இயலாது. இருந்தாலும் அழகை மட்டும் பார்த்து நாய் வளர்க்கும் போக்குக்கு எதிரான அரண் இந்தப் போட்டிதான். 1906இல் தோன்றிய சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கம், வம்சாவளிச் சான்று இல்லாத நாயையும் அதன் வேலைத்திறனை நேரில் சோதித்துத் தன் பதிவேட்டில் சேர்க்கிறது.

அந்தச் சங்கம் நடத்தும் உச்சப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஆடுகள் இருபது. இரண்டு கூட்டங்களாகத் தனித்தனி இடங்களில் நிற்கும். தூரம் ஏறத்தாழ 800 கஜம். முதல் பத்து ஆடுகளைப் பாடுபட்டு நடுக்களம்வரை கொண்டுவந்த நாயிடம், அவற்றை அங்கேயே விட்டுவிட்டு, கண்ணில் படாத அடுத்த பத்தைத் தேடிப்போகச் சொல்வார்கள். ‘லுக் பேக்’ என்பது அந்தக் கட்டளை. கையில் இருக்கும் மந்தையை விட்டுப்போவது இந்த நாயின் இயல்புக்கே எதிரானது. மேய்ப்பரின் சொல்லை நம்பி அது திரும்பி ஓடுகிறது. பிறகு இருபதையும் ஒன்றாக்கி, கழுத்துப்பட்டை கட்டிய ஐந்தை மட்டும் வட்டத்துக்குள் பிரித்து நிறுத்திப் பட்டியில் அடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முப்பது நிமிடம். பிரிக்கும்போதே நேரம் தீர்ந்து, பட்டிவரை போகாமலே நின்றுபோகும் ஓட்டங்களும் உண்டு. அப்படி நின்ற ஓட்டத்திலும் ‘லுக் பேக்’ தயக்கமின்றி நடந்திருந்தால், அதை எடுத்துச்சொல்லிப் பாராட்ட வேண்டும்.